டென்னிஸ் கோர்ட்டு முனி

மலேசியாவின் கிள்ளானில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் முனி நடமாடுவதாகப் பேச்சு. முனி நடமாடுவதில் செய்தி ஒன்றும் இல்லை. கிள்ளானில் ரோடு போடத் தோண்டுகிற இடத்திலெல்லாம் ஒரு முனி இருக்கத்தான் செய்கிறார். இந்த முனியின் விசேஷம் வேறு. செவ்வாயும் வெள்ளியும், பொழுது சாய்ந்து, பக்கத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஓய்ந்த பிறகு, விளக்கே எரியாத பழைய டென்னிஸ் கோர்ட்டில் அவர் சலங்கை கட்டிக்கொண்டு ஓடுகிறார். ஓடுவதோடு நிற்காமல் ஆங்கிலமும் பேசுகிறார்.

"ரெடி?" என்று ஒரு கனத்த குரல் கேட்கும். "யெஸ்!" என்று ஒரு பெண் குரல் பதில் சொல்லும். "ப்ளே!" என்று மறுபடியும் கனத்த குரல். அப்புறம் சலங்கை. சிலுங், சிலுங், சிலுங்.

இப்படி ஒரு பேச்சைக் காதில் போட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியாது. விசாரிக்கத்தான் வேண்டும். கீழ்த்தளத்தில் துணி தேய்க்கும் கடை வைத்திருப்பவர், தன் காதால் கேட்டதாகச் சத்தியம் செய்தார். சத்தியம் செய்யும்போதும் இஸ்திரிப் பெட்டியை நிறுத்தவில்லை. ஆகவே அவர் பேச்சில் சூடு இருந்தது. பி பிளாக்கில் ஓர் அம்மா, கோர்ட்டின் தரையில் யாரோ கயிறு வைத்து ஒட்டியிருப்பதைக் காலையில் கண்ணால் பார்த்திருக்கிறார். பெரிய கட்டத்துக்குள் சின்னக் கட்டம், அதற்குள் இன்னும் சின்னக் கட்டம். "மந்திரக்கட்டு" என்றார் குரலைத் தாழ்த்தி. முனி ஏன் ஆங்கிலம் பேச வேண்டும் என்று கேட்டால், அதற்கும் பதில் தயாராக இருந்தது. "இது ஒரு காலத்துல தோட்டம் லா. வெள்ளைக்காரத் தொரை இருந்த எடம். அவங்க பேசுனத கேட்டுக் கேட்டு இவருக்கும் வந்திருக்கும்."

தர்க்கத்தில் ஓட்டை இல்லை. தோட்டத்தில் இருந்தவர்களுக்கு வராத ஆங்கிலம் தோட்டத்து முனிக்கு வந்துவிட்டது, அவ்வளவுதான்.

வாசலில் ஜாகா, அதாவது காவல், வேலை பார்க்கும் நேபாளி மட்டும் எதைக் கேட்டாலும் சிரித்தார். கோர்ட்டின் சாவி அவரிடம்தான் இருக்கிறது. முனிக்குச் சாவி எதற்கு என்று கேட்டபோது இன்னும் கொஞ்சம் சிரித்தார்.

கடைசியில் தெரிய வந்தது இது. முனி, கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மசாஜ் நிலையத்தில் வேலை செய்கிறார். மாலையில் கேஎல் சென்ட்ரலில் கொமுட்டர் ரயில் ஏறி, கிள்ளானில் இறங்கி, வெள்ளைக் கோலைத் தட்டிக்கொண்டு வீடு வந்து சேர்கிறார். வயது நாற்பத்தாறு. பெயர் குமுதா.

குடியிருப்பின் பெயரை மட்டும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் வெள்ளிக்கிழமைக் கூட்டம் குறைந்துவிடும். அந்தப் பாவம் எதற்கு?

குமுதாவுக்குப் பத்தொன்பது வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. அதற்குச் சாப்பிட்ட மருந்து உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை. காய்ச்சல் போனபோது கண்ணையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. அழுது முடித்து, எழுந்து, பிரிக்பீல்ட்ஸில் மசாஜ் படித்து, அங்கேயே வேலைக்கும் சேர்ந்தார். அன்று முதல் ஊரில் உள்ள கழுத்துச் சுளுக்கும் முதுகுப் பிடிப்பும் அவர் கைக்கு வந்தன. ஆளைத் தொட்ட உடனே அவர் வங்கியில் வேலை செய்கிறாரா, டாக்சி ஓட்டுகிறாரா என்று சொல்லிவிடுவார். பாதி நேரம் தப்பாகச் சொல்லுவார். ஆனால் யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

அவருக்கு இருந்த குறை கண் அல்ல. அது பழகிவிட்டது. குறை, ஓட்டம். கடைசியாக ஓடியது ஷா ஆலம் போகும் பஸ்ஸைப் பிடிக்க. பஸ் போய்விட்டது. அதற்குப் பிறகு இருபத்தேழு வருடம் நடைதான். பிரிக்பீல்ட்ஸில் கண் தெரியாதவர்களுக்கென்று மஞ்சள் ஓடு பதித்திருக்கிறார்கள். காலால் தடவிக்கொண்டே போகலாம். போனால் ஒரு மோட்டார் சைக்கிளில் முட்டிக்கொள்ளலாம், பூக்கடைக் கூடையில் காலை விடலாம், பலகாரக் கடைக்காரரின் நாற்காலியில் அவர் மடியிலேயே உட்கார்ந்துவிடலாம். உலகம் முழுக்கச் சாமான்களால் ஆனது என்பதில் குமுதாவுக்குச் சந்தேகமே இல்லை. கோலை எங்கே நீட்டினாலும் ஏதாவது ஒன்று இடிக்கும்.

அப்படி இருந்தவரிடம் ஒருநாள் ராஜினி வந்து சேர்ந்தார். சுபாங் ஜெயாவில் பிசியோதெரப்பி செய்கிறவர், யாழ்ப்பாணத்து வம்சம், பேச்சில் இன்னும் அந்த வாசம் உண்டு. கண் தெரியாதவர்கள் ஆடும் டென்னிஸ் ஒன்றை ஜப்பானில் கண்டுபிடித்திருக்கிறார்கள் என்று கேள்விப்பட்ட நாள் முதல் அவருக்குத் தூக்கம் போய்விட்டது. பஞ்சு போன்ற பந்து, உள்ளே குலுங்கும் மணி. பந்து தரையில் பட்டால் சத்தம் கேட்கும். பார்வையே இல்லாதவர்கள் மூன்று முறை துள்ளவிட்டு அடிக்கலாம். கோட்டுக்கு அடியில் கயிறு ஒட்டியிருக்கும். காலால் தடவி எங்கே நிற்கிறோம் என்று தெரிந்துகொள்ளலாம். அடிக்கிறவர் "ரெடி?" என்று கேட்டு, எதிராளி "யெஸ்" சொன்ன பிறகுதான் "ப்ளே" என்று அடிக்க வேண்டும்.

மந்திரக்கட்டுக்கும் முனியின் ஆங்கிலத்துக்கும் பொருள் இப்போது விளங்கியிருக்கும்.

"எல்லாருக்கும் டென்னிஸ்" என்று ராஜினி ஒரு சிறு குழு தொடங்கினார். தொடக்க விழா ஷா ஆலமில் நடந்தது. பலூன் கட்டி, பெரிய மனிதர் ஒருவரைக் கூப்பிட்டிருந்தார்கள். அவர் வழக்கம்போல் தாமதமாக வந்து, வழக்கம்போல் சீக்கிரம் கிளம்பினார். போவதற்கு முன் பெட்டி பெட்டியாகப் பந்து நன்கொடை கொடுத்தார். சாதாரண டென்னிஸ் பந்து. மணி கிடையாது, சத்தம் கிடையாது. மேடையில் அறிவிப்புச் செய்த இளைஞர் மைக்கைப் பிடித்து, "இந்தப் பந்துகள் பளிச்சென்ற மஞ்சள் நிறத்தில் இருப்பதால், இருட்டிலும் தெளிவாகத் தெரியும்" என்றார்.

முன்வரிசையில் இருந்த கண் தெரியாதவர்கள் எல்லாரும் கைதட்டினார்கள். குமுதாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர், ஒரு ஹோட்டலில் டெலிபோன் ஆபரேட்டராக இருக்கும் சிவநேசன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். அவர் ஒரு பந்தைக் கையில் வாங்கி உருட்டிப் பார்த்துவிட்டு, "கலர் ரொம்ப ஜோரா இருக்குன்னு சொல்லுங்க டாக்டர்" என்றார்.

"நான் டாக்டர் இல்லை" என்றார் ராஜினி, எப்போதும்போல்.

"நாங்களும் டென்னிஸ் ப்ளேயர் இல்ல. மேடையில சொல்றாங்களே."

உண்மையான பந்துகளை ராஜினி ஜப்பானிலிருந்து வரவழைத்தார். பிரிக்பீல்ட்ஸில் ஒரு பழைய மண்டபத்தின் பின்னால் இருந்த சிமெண்டுத் தரையை ஞாயிற்றுக்கிழமைகளில் கேட்டு வாங்கினார். முதல் நாள் குமுதா மட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார். பந்து சிலுங்கென்று இடது பக்கம் போனது. கால் தானாகக் கிளம்பியது. நாலு எட்டு வைத்துவிட்டுச் சட்டென்று நின்றுவிட்டார்.

"ஏன் நிண்டிட்டீங்க குமுதா?"

"முன்னாடி என்னா இருக்கு?"

"ஒண்டும் இல்லை."

"செவரு?"

"இல்லை."

"தூணு? நாற்காலி? மோட்டாரு?"

"ஒண்டுமே இல்லையப்பா. வெறும் தரை."

குமுதா மட்டையைத் தரையில் வைத்தார். பிறகு பந்து இல்லாமலே அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை ஓடினார். திரும்பி ஓடினார். சிவநேசன், "யாரு அங்க தப்பிச்சு ஓடுறது? போலீஸு வந்துருச்சா?" என்று சத்தம் போட்டார். குமுதாவுக்கு மூச்சு வாங்கியது. அன்று அவர் ஒரு பந்தைக்கூடத் தொடவில்லை. ஆனால் அடுத்த ஞாயிறு எப்போது வரும் என்று வாரம் முழுக்க எல்லார் முதுகையும் சற்று வேகமாகவே பிடித்துவிட்டார்.

தர்மக் காரியங்களுக்கு ஒரு ராசி உண்டு. நன்றாக நடக்கத் தொடங்கியதும் இடத்தைக் காலி செய்யச் சொல்லுவார்கள். மண்டபத்துக்காரர்கள் பின்பக்கத் தரையைக் கார் நிறுத்தக் கொடுத்துவிட்டார்கள். ராஜினி வேறு இடம் தேடி அலைந்தார். ஒரு கிளப்பில், "கண் தெரியாதவர்கள் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்றார்கள். இன்னொன்றில், "எங்கள் உறுப்பினர்களின் கண்ணுக்கு ஒரு மாதிரியாக இருக்கும்" என்றார்கள்.

அப்போதுதான் குமுதாவுக்குத் தன் வீட்டுக்குக் கீழே ஒரு டென்னிஸ் கோர்ட் இருப்பது ஞாபகம் வந்தது. அதைக் கட்டியவர்கள், வீடு விற்கும் விளம்பரத்தில் வெள்ளைக்காரக் குடும்பம் ஒன்று டென்னிஸ் ஆடுகிற மாதிரி படம் போட்டிருந்தார்கள். அந்தக் குடும்பம் வீடு வாங்கவில்லை. வாங்கியவர்கள் டென்னிஸ் ஆடவில்லை. கல்யாணத்துக்கும் சாவுக்கும் கூடாரம் போட, மோட்டார் சைக்கிள் நிறுத்த, பாய் காயப்போட என்று கோர்ட் எல்லாவற்றுக்கும் பயன்பட்டது. யாரும் ஆடாத இடத்துக்கு விளக்கு எதற்கு என்று குடியிருப்புச் சங்கம் மின்சாரத்தையும் வெட்டிவிட்டது.

விளக்கு இல்லாதது யாருக்கு இடைஞ்சல்? குமுதாவுக்கு இல்லை. ரயிலில் இரண்டு நிறுத்தம் தள்ளி இருக்கும் சிவநேசனுக்கும் இல்லை. செவ்வாயும் வெள்ளியும் அவருக்குப் பகல் ஷிஃப்ட், ஆகவே அந்த இரண்டு நாள். மோட்டார் சைக்கிள்களை நேபாளி ஓரம் கட்டித் தருவார். கனத்த ஆங்கிலக் குரல் சிவநேசனுடையது. இருபது வருடமாக டெலிபோனில் குட் ஈவினிங் சொல்லிப் பழுத்த குரல். அதைக் கேட்டு வெள்ளைக்காரர்களே எழுந்து நின்றிருக்கலாம்.

வீட்டில் மட்டும் குமுதா சொல்லவில்லை. அண்ணன் வீட்டோடு இருக்கிறார். அண்ணன் நல்லவர், நல்லவர்களுக்கு உள்ள கெட்ட குணம் அவருக்கும் உண்டு. தங்கை படி இறங்கினாலே "பாத்து, பாத்து" என்பார். ஓடுகிறாள் என்று தெரிந்தால் கதவைப் பூட்டிவிடுவார். ஆகவே செவ்வாய், வெள்ளி ஓவர்டைம்.

முனிப் பேச்சைக் குமுதாவிடம் முதலில் கொண்டுவந்தது அண்ணி வாணிதான்.

"குமுதா, ஓவர்டைம் முடிஞ்சு வரப்ப கோர்ட்டு பக்கமா வராத. சுத்திக்கிட்டு வா. முனி நடக்குது."

"யாரு பாத்தா அண்ணி?"

"பாத்தா உசுரோட இருப்பாங்களா? கேட்டிருக்காங்க. உனக்குத்தான் காது ரொம்பக் கூர்மையாச்சே, நீ கேட்டதில்ல?"

"கேட்டிருக்கேன் அண்ணி."

வாணிக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. "எப்ப?"

"செவ்வா, வெள்ளி ரெண்டு நாளும்தான்."

மறுநாளே குமுதாவின் கையில் மஞ்சள் கயிறு ஏறியது. சர்வ் போடும்போது அது கொஞ்சம் உறுத்தியது.

சிவநேசனுக்குச் சொன்னபோது அவர் ரயில் பெட்டியே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். "நம்மள இது வரைக்கும் பாவம்னாங்க, ஐயோன்னாங்க. சாமின்னு இப்பத்தான் லா சொல்றாங்க. இருந்துட்டுப் போவோமே."

இருந்துவிட்டுத்தான் போயிருப்பார்கள். ஆனால் கோர்ட்டின் மூலையில் ஒரு கல் வந்தது. கல்லுக்கு மஞ்சள் துணி வந்தது. எலுமிச்சம்பழம் வந்தது, அதில் ஒன்றைச் சிவநேசன் மிதித்துச் சறுக்கி, முட்டியைத் தேய்த்துக்கொண்டார். தகரக் கூரை வந்தது. பந்து வாங்க ராஜினி எத்தனையோ வாசல் ஏறி இறங்கியும் வராத நன்கொடை, முனிக்குக் கேட்காமலே வந்தது. தரைக்கு டைல்ஸ் ஒருவர், கம்பிக் கதவு ஒருவர், ஒலிபெருக்கி ஒருவர். பிறகு திட்டம் பெரிதானது. பாதிக் கோர்ட்டில் தூண் எழுப்பி மண்டபம், மீதிப் பாதியில் பக்தர்கள் வண்டி நிறுத்த இடம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை குடியிருப்புச் சங்கக் கூட்டத்தில் முடிவு செய்வதாக ஏற்பாடு.

தூண் என்ற சொல்லைக் கேட்டதும் குமுதா ராஜினிக்குப் போன் போட்டார். கோலை நீட்டினால் ஒன்றும் இடிக்காத இடம் இந்தக் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்க அவருக்கு அந்தக் கோர்ட் ஒன்றுதான் இருந்தது.

ராஜினி போனில் கொதித்தார். "உண்மையைச் சொல்லுங்கோ. பந்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கோ. இதுக்கென்ன பயம்?"

எல்லாவற்றுக்கும் முன்னால் நின்றவர் நாகையா. ஒன்பதாவது மாடி, மனைவி இல்லை, லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கல்லைக் கொண்டுவந்து வைத்தது அவர்தான். குமுதா ஒருநாள் காலை லிஃப்ட் வாசலில் அவருக்காகக் காத்திருந்தார். சொல்லிவிடுவது என்று முடிவு.

"நாகையா அண்ணே, உங்ககிட்ட ஒண்ணு பேசணும். கோர்ட்டுல கேக்குற சத்தம் இருக்கே..."

"நீயும் கேட்டியாம்மா? வாணி சொன்னுச்சு." அவர் குரலில் அத்தனை சந்தோஷம். "இங்க தோட்டத்துல எங்க முனிசாமி இருந்தாரும்மா. ஆலமரத்தடி. தோட்டத்த வித்தப்ப வேற எடம் தரேன்னாங்க. நம்பி நின்னோம். ஒருநா காலையில வந்து பாத்தா மரமும் இல்ல, கல்லும் இல்ல. மண்ணோட மண்ணா அள்ளிட்டுப் போயிட்டானுங்க. எந்தக் கட்டடத்துக்கு அடியில கெடக்காரோன்னு நெனச்சு நெனச்சே இத்தன வருசம் ஓடிப்போச்சு. இப்ப அவரே திரும்பி வந்துட்டாரு பாத்தியா."

லிஃப்ட் வந்தது. கதவு திறந்தது, மூடியது. குமுதா சொல்லவில்லை. கையில் பந்தை வைத்துக்கொண்டு ஒருவருடைய சாமியைப் பிடுங்குவது எப்படி என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லாவிட்டால் கோர்ட் போகும். சொன்னால் நாகையாவின் முனி இரண்டாம் தடவை போவார். ரயிலில் வேலைக்குப் போகும் வழியெல்லாம் இதையே புரட்டிக்கொண்டிருந்ததில், அன்று முதல் வாடிக்கையாளரின் வலிக்கிற தோளை விட்டுவிட்டு நல்ல தோளைப் பிடித்துவிட்டார்.

கூட்டத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை. கடைசி ஆட்டமாக இருக்கலாம் என்று இருவருக்கும் தெரியும். ஆகவே சிவநேசன் வழக்கத்தைவிட அதிகமாக ஏமாற்றினார். பந்து நாலு தடவை துள்ளிய பிறகும் மூன்றுதான் என்று சாதித்தார்.

"நாலு அண்ணே. எனக்குக் காது இருக்கு."

"கடைசித் துள்ளல் பாதிதான் லா. பாதிக்குக் கணக்கு கெடையாது."

வேலி ஓரத்தில் செருப்புச் சத்தம். கற்பூர வாசனை. குமுதா நின்றார். முனிக்குப் பயந்து ஏழரைக்கு மேல் யாரும் வராத இடம். வருகிறவர் முனியைப் பார்க்கவே வருகிறார் என்றுதான் அர்த்தம்.

"நாகையா அண்ணேதான்" என்றார் குமுதா மெல்ல.

"போச்சுடா" என்றார் சிவநேசன்.

செருப்புச் சத்தம் வேலிக் கதவருகே வந்து நின்றது. ஓடலாம் என்று தோன்றியது குமுதாவுக்கு. ஓடத்தான் அங்கே இடம் இருந்ததே. ஆனால் காலால் கயிற்றுக் கோட்டைத் தடவித் தடவி வேலியை நோக்கி நடந்தார். கதவைத் திறந்து, கையை நீட்டி, நாகையாவின் கையைத் தேடிப் பிடித்து, அதில் பந்தை வைத்தார்.

"இதுதான் அண்ணே."

நாகையா பந்தைக் குலுக்கினார். சிலுங். காதோரம் வைத்து மறுபடியும் குலுக்கினார். சிலுங்.

"வெளக்கே இல்லாம எப்படி?"

"எங்களுக்கு எதுக்கு அண்ணே வெளக்கு?"

அவர் பந்தை விரலால் அமுக்கிப் பார்த்தார். குமுதாவே பேசினார். "அன்னிக்கே சொல்லணும்னுதான் வந்தேன். உங்க மொகம் எனக்குத் தெரியாது, கொரலு தெரியும். அந்தக் கொரல்ல சந்தோசத்தக் கேட்டுட்டு வாய் வரல. இங்க ஒண்ணுமே இல்ல அண்ணே. எதுவும் இடிக்காது. என்னால ஓட முடியுது. வேற எங்கயும் முடியல. தூண் வச்சிட்டா... அவ்வளவுதான்."

நாகையா பந்தை அவர் கையில் திருப்பி வைத்தார். செருப்புச் சத்தம் போய்விட்டது. கற்பூரம் ஏற்றப்படவில்லை.

"என்னா சொன்னாரு?" என்றார் சிவநேசன்.

"ஒண்ணும் சொல்லல."

"திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு அண்ணி வாணி குமுதாவையும் கைப்பிடித்து அழைத்துப் போய்ப் பின்வரிசையில் உட்கார வைத்தார். நல்ல கூட்டம். பராமரிப்புக் கட்டணம் பற்றிப் பேசும்போது வராதவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். சங்கத் தலைவர் ஒரு சீனர். எந்தச் சமயத்துச் சாமியோடும் வம்பு வைத்துக்கொள்ளாதவர். மண்டபத் திட்டத்தைப் படித்தார்கள். தூண் எத்தனை, உயரம் என்ன என்று ஒருவர் விவரமாகச் சொல்லச் சொல்ல, குமுதாவுக்கு ஒவ்வொரு தூணும் கோர்ட்டில் எழும்பி நிற்பது கேட்டது. அடித்துப் பழகிய இடத்திலெல்லாம் ஒன்று.

"ஆட்சேபணை உண்டா?"

யாருக்கு இருக்கும்? குமுதா எழுந்திருக்கலாம். எழுந்தால் அண்ணன், அண்ணி, ஓவர்டைம், நாகையா எல்லாம் சேர்ந்து விழும். முழங்கால் எழுந்தது, உடம்பு எழவில்லை. அந்த நேரத்தில்தான் அவர் அந்தக் காரியத்தைச் செய்தார். மடியில் கையைக் கோத்துக்கொண்டு மனதுக்குள் வேண்டிக்கொண்டார். முனிசாமி, கோர்ட்டு மட்டும் தப்பிச்சா உனக்கு ஒரு சுருட்டு.

வேண்டிய பிறகுதான் யாரிடம் வேண்டினோம் என்று உறைத்தது.

நாற்காலி இழுபடும் சத்தம். நாகையாவின் குரல். "எனக்கு ஒண்ணு சொல்லணும்."

எல்லாரும் திரும்பினார்கள். மண்டபத்தைக் கேட்டவரே அவர்தானே.

"வெள்ளிக்கெழம ராத்திரி கற்பூரம் ஏத்தப் போனேன். அய்யா வந்தாரு."

முன்வரிசையில் சிலர் செருப்பைக் கழற்றினார்கள்.

"எங்கிட்டப் பேசுனாரு. தூண் வேணாம்னாரு. கொட்டாய் வேணாம், வண்டி நிறுத்த வேணாம், ஒண்ணும் வைக்கக் கூடாதுன்னாரு. நான் ஓடுற எடம்னாரு. ஏதாச்சும் வச்சா இடிக்குமாம்."

"இங்கிலீஷ்லயா சொன்னாரு?" என்று கேட்டது வேறு யாருமில்லை, வாணி.

"தமிழ்லதாம்மா. நல்ல தமிழு. பொம்பளக் கொரல் மாதிரி இருந்துச்சு."

வாணி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பக்கத்தில் குமுதா தலை குனிந்து உட்கார்ந்திருந்ததைப் பக்தி என்று நினைத்து அவர் தலையையும் தொட்டுக் கும்பிட வைத்தார். சீனத் தலைவருக்கு மலாயில் விளக்கிச் சொன்னார்கள். அவர் ஒரு கணமும் யோசிக்கவில்லை. சாமிக்கே வேண்டாம் என்றால் நமக்கு எதற்கு வம்பு, அடுத்த விஷயம் என்றார். அடுத்த விஷயம் பராமரிப்புக் கட்டணம். கூட்டம் கலைந்துவிட்டது.

வெளியே வரும்போது நாகையா குமுதாவின் பக்கமாக நின்றார். "பந்துன்னு தெரிஞ்சுபோச்சு, சரி" என்றார் குரலைத் தாழ்த்தி. "வேற எங்கயும் எடம் கெடைக்காம, சுத்திச் சுத்தி இந்த மண்ணுக்கே உங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கிட்டு வந்தது யாருன்னு நெனைக்கிற?"

குமுதா கோலைத் தட்டிக்கொண்டு லிஃப்ட் பக்கம் நடந்தார். அந்தக் கேள்வியை மட்டும் விசாரிக்கப் போனவர்கள் இன்னும் விசாரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

கல்லும் தகரக் கூரையும் வேலிக்கு வெளியே மரத்தடிக்கு மாறின. மோட்டார் சைக்கிள் ஒன்றுகூட இப்போது கோர்ட்டுக்குள் நிற்பதில்லை. முனி இடறி விழுந்தால் யார் பதில் சொல்வது? வெள்ளி மாலை இருட்டுவதற்குள் பக்தர்கள் தரையைப் பெருக்கி, கல் பொறுக்கி, சருகு அள்ளி வைத்துவிட்டு ஓடிவிடுகிறார்கள். மந்திரக்கட்டின் கயிறு எங்காவது கிளம்பியிருந்தால் பி பிளாக் அம்மாவே பயபக்தியோடு மறுபடி ஒட்டுகிறார். ராஜினி பிரிக்பீல்ட்ஸிலிருந்து இன்னும் சிலரை வேனில் கூட்டிவருகிறார். முனிக்குப் பரிவாரம் சேர்ந்துவிட்டது என்று பேச்சு. நன்கொடையாளர்களுக்கு எழுதும் அறிக்கையில் ராஜினி, "உள்ளூர் மக்களின் முழு ஒத்துழைப்பு" என்று எழுதினார். அதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை.

ஒன்று மட்டும் பாக்கி. சுருட்டு.

குமுதா அதைப் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடையில் வாங்கிவிட்டார். கொடுப்பதுதான் சிக்கல். மரத்தடிக் கல்லுக்கு முன்னால் இரண்டு முறை போய் நின்று, திரும்பிவிட்டார். கொடுத்தால் தன் பந்துக்குத் தானே படையல் போடுகிற மாதிரி. கொடுக்காவிட்டால் ஒருவேளை நிஜமாகவே யாராவது காத்துக்கொண்டிருந்தால்?

நாகையாவிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டார். "அண்ணே, ஒருத்தங்க அவசரத்துல வேண்டிக்கிட்டாங்க. யாருகிட்ட வேண்டுனோம்னு அவங்களுக்கே தெரியல. என்னா செய்யிறது?"

"தெரியிற வரைக்கும் பத்திரமா வச்சிருக்கச் சொல்லு" என்றார் நாகையா. சிரித்தாரா என்று குரலில் கண்டுபிடிக்க முடியவில்லை.

சிவநேசனுக்கு இதில் குழப்பமே கிடையாது. "ரெடி ரெடின்னு தொண்ட கிழியக் கத்துறது யாரு? நான்தானே முனி. குடு இங்க."

"உங்களுக்கு டாக்டர் பொகையே ஆகாதுன்னிருக்காங்க."

"அவங்கதான் டாக்டர் இல்லையே."

குமுதா கொடுக்கவில்லை. போன செவ்வாய் அவருடைய சர்வ் தொடர்ந்து வலையில் விழுந்தது. எதிர்ப்பக்கத்திலிருந்து, "கடன்! கடன்!" என்று இருட்டில் ஒரு கனத்த குரல் கேட்டது. ஏ பிளாக்கில் இரண்டு ஜன்னல்கள் அவசரமாக மூடின.

சுருட்டு இன்னும் பந்துப் பையில்தான் இருக்கிறது. பந்தெல்லாம் புகையிலை வாடை அடிக்கிறதென்று ராஜினி மூக்கைச் சுளிக்கிறார்.